ரோட்டுக் கோட்டுக்குக் கீழே தாத்தா

2 நவம்பர் 1911, வியாழன்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. வருடாவருடம் நாங்கள் மெழுகுவர்த்தி ஏற்றியது யாரோ ஒருவருடைய கல்லறையில்.

டத்தோ கிராமாட் ரோட்டை அகலப்படுத்த, போன வாரம் நானே வரைபடத்தில் மையால் கோடு இழுத்தேன். இன்று காலை ஆபீஸில் அதைப் பழைய வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். 'கைதிகளைப் புதைக்கும் இடம்' என்று எழுதியிருந்ததன் நடுவே கோடு போகிறது.

கல்லறைத் திருநாள் என்று சாயங்காலம் தாத்தாவின் கல்லறைக்குப் போன இடத்தில், பேச்சுவாக்கில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த மெழுகுவர்த்தி கீழே விழுந்தது.

"ஒங்க தாத்தா அங்கதான்டா இருக்காரு. ஊர்லேருந்து கப்பல்ல கைதியா இங்க வந்தவரு."

"அப்ப இது யாரு கல்லறை?"

"தெரியாது. பேரில்லாம கெடந்துச்சு. கத்தாத லா, தங்கச்சிக்கு வரன் பேசுற நேரம்."

தாத்தா கைதியாக வந்ததில் எனக்கு வெட்கமில்லை. பெற்ற தகப்பனைப் புதைத்த இடத்தையே அப்பா மறைத்தாரே, அதுதான் பொறுக்கவில்லை.

நாளை வரைபடம் என்ஜினியரிடம் போகிறது. காரணம் எழுதாமல் கோட்டை நகர்த்தச் சொல்ல முடியாது. "தாத்தா பேர எழுதிறாதடா" என்று அப்பா இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்.

எழுதத்தான் போகிறேன். பக்கத்தில், பேரன் என்று என் பெயரையும்.