பவளநாச்சி ஏன் கடலில் இறங்கினாள்?

என் அருமைச் சுபைதா,

நீ கண்மூடி ஒரு வருடமாகிறது. அங்கே தேத்தண்ணி கிடைக்கிறதோ, சண்டை பிடிக்க ஆள் கிடைக்கிறதோ தெரியாது. இங்கே நாங்கள் சுகம். நாம் தொடங்கிய கையெழுத்துப் பத்திரிகை இன்னும் வீடு வீடாய்ப் போய்வருகிறது. வாசகர்கள் அபிப்பிராயம் எழுதக் கடைசியில் நாலு வெள்ளைத் தாள் விடுகிற வழக்கமும் அப்படியேதான்.

அந்தத் தாளால் வந்த வினைதான் இந்தக் கடிதம்.

பவளநாச்சியை நினைவிருக்கிறதா? கொட்டியாரக் குடாவுக்கு அடியில் ஏழு வாசல் வைத்த பளிங்கு நகரத்துக்கு, சிறைப்பட்ட இளவரசனைத் தேடி என் தொடர்கதையில் நான் இறக்கிவிட்டவள். நீ வெள்ளைத் தாளில் எழுதினாய்: "அந்த இளவரசன் இல்லாட்டி இவள் கடலுக்க இறங்கமாட்டாளோ?" எனக்கு வந்ததே கோபம்! ஊர் பார்க்க நக்கலடிக்கிறாய் என்று நினைத்தேன். மிச்சத்தை வாசிக்கவேயில்லை. கோதுமை மாவில் பசை காய்ச்சி, மேலே இன்னொரு தாளை ஒட்டி, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகும் நீ வந்தாய், என் குசினியில் இருந்து புட்டுச் சாப்பிட்டாய். பவளநாச்சியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. நானும் அடுத்த அத்தியாயம் எழுதவில்லை. முழுக்க வாசித்துவிட்டுத்தான் ஒட்டினேன் என்று நினைத்தாயோ?

போன கிழமை உன் மகள் மரியம் வந்து பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தாயின் தங்கையாகவே நினைத்து, "சாச்சி" என்றுதான் கூப்பிடுகிறாள். "சாச்சி, இந்தத் தாள் மட்டும் ஏன் தடிப்பா இருக்கு?" என்றாள். நான் ஒட்டிய அதே தாள். ஈரத்துணி வைத்து ஊறவிட்டு, இருவருமாய் மெல்ல உரித்தோம். நல்ல காலம், நீ பென்சிலால் எழுதியிருந்தாய்.

"காதல் வேண்டாமெண்டு சொல்லேல்ல, கோபக்காரி. நான் ஒவ்வொரு நாளும் கிண்ணியாவில படகேறி டவுனுக்குப் படிப்பிக்க வாறது என்ர மனுசனுக்காகவோ? எனக்கு ஆசை, வாறன். பின்னேரம் திரும்பிப் போகக்குள்ள அவர் துறையடியில குடையோட நிப்பார். கண்டா மனசு நிறையும். பவளநாச்சியும் அந்த ஏழு வாசலையும் பார்க்கிற ஆசையில போகட்டுமே. கரையில ஒருத்தன் நிண்டாப் போதும்."

அழுதேனடி. இத்தனை அன்பாய் எழுதியதையா மூடி வைத்தேன் என்று என் மீதே ஆத்திரம் வந்தது.

கதையை மரியத்துக்கு வாசித்துக் காட்டினேன். "ஏழாவது வாசலுக்குள்ள என்ன இருக்கு, சாச்சி?" என்று துளைத்தெடுத்துவிட்டாள். இளவரசனைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை! எனக்குச் சிரிப்பு அடக்க ஏலாமல் போயிற்று.

நேற்றுத் திருத்தி எழுதி முடித்தேன். பவளநாச்சி ஏழு வாசலையும் தன் ஆசைக்கே திறந்து பார்க்கிறாள். இளவரசனைச் சிறையிலிருந்து எடுத்துக் கரையில் நிறுத்திவிட்டேன். அவள் ஈரத்தலையோடு ஏறி வரும்போது பிடிக்க, கையில் ஒரு கறுப்புக் குடையும் கொடுத்திருக்கிறேன். உன் மனுசனிடம் கேட்டுத்தான் செய்தேன். "ஓம், குடுங்க" என்றார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

இனி இதழில் யார் என்ன எழுதினாலும் கடைசி வரி வரை வாசிப்பேன், சுபைதா. முதல் வெள்ளைத் தாள் எப்போதும் உனக்கு.

உன் மகளின் சாச்சி,
செல்வராணி