புரியாமல் போட்ட ‘ம்’

உ
காந்திமதி அம்பாள் துணை

திருநெல்வேலி டவுன்,
23-10-96

செல்வ மகள் சிரஞ்சீவி விஜயஸ்ரீக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே அம்பாள் புண்ணியத்தில் நான் சுகமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய். எப்போதும் அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைப் பூஜை அறையில் வைத்துவிடுவேன், இந்தத் தடவை அப்படி வைக்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன், நீ சுகமாக இருக்கிறாயா.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் கலங்கல் தண்ணீர், வெள்ளம் கோவிலுக்குள் வருமுன் குறுக்குத்துறை முருகனை மேலே கொண்டுவந்துவிட்டார்கள் என்று பால்காரர் சொன்னார். மாடியில் குடியிருந்த பேங்க்காரர் குடும்பம் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போய்விட்டது. அந்தச் சின்னப் பிள்ளை தலைக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கும், பைய நட என்று எத்தனை தடவை சத்தம் போட்டிருப்பேன், இப்போது மேலே ஒரு சத்தமும் இல்லை. அப்பா போய், வருகிற தையோடு மூன்று வருஷம். ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைக்க இன்னும் எனக்குக் கை பழகவில்லை, அரிசி கூடிப்போகிறது, காக்காய்க்குத்தான் யோகம்.

கடல் தாண்டி நீ அனுப்பின பார்சல் ஆவணியிலேயே வந்தது, பூதக்கண்ணாடி உடையாமல் இருந்தது. அதைச் சுற்றி நீ கசக்கி அடைத்திருந்த காகிதங்களைத் தூரப்போட எனக்கு மனசு வரவில்லை. எழுத்துள்ள காகிதம் காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள் நான். ஒவ்வொன்றிலும் உன் பெயரும் உன் யூனிவர்சிட்டி பெயரும் அச்சில் இருந்தது. யாரோ என் மகளைப் பாராட்டி எழுதியதை இவள் கவனமில்லாமல் கசக்கிவிட்டாளே என்றுதான் நினைத்தேன். ஒவ்வொன்றாக நீவி, ஒரு மாதம் மெத்தைக்கு அடியில் வைத்து நேராக்கி, சரஸ்வதி பூஜை அன்றைக்கு அப்பாவின் தேவாரப் புத்தகத்துக்கு மேலே அடுக்கி, மேல் காகிதத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அன்றைக்கு எதையும் படிக்கக் கூடாதல்லவா. மறுநாள் விஜயதசமி, பூஜை முடித்து அடுக்கில் மேலே இருப்பதை எடுத்து நாலு வரி படிக்க வேண்டும். எடுத்தேன், நீ அனுப்பின கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, டிக்‌ஷனரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. குங்குமத்துக்குக் கீழே இருந்த வரி இதுதான், இந்த டீச்சர், வகுப்பறையில் யாருமே இல்லாத மாதிரி பாடம் நடத்துகிறார்.

விஜி, அதற்கு மேல் அன்றைக்குப் படிக்கவில்லை. மறுநாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் முப்பது பேர் உன்னைப் பற்றி எழுதினது, உன் துறைத் தலைவர் உனக்கு எழுதின கடிதம் ஒன்று, கேள்விகள் மட்டும் அச்சாகி யாரும் எழுதாத வெறும் தாள் ஒன்று. புரியாத கையெழுத்தை மட்டும் பக்கத்துத் தெரு ஜெபராணி டீச்சரிடம் கொண்டுபோனேன், ரிட்டயரானாலும் இங்கிலீஷ் அவளை விட்டுப் போகவில்லை. வேகமாகப் பேசுகிறாய், உன் உச்சரிப்பு பிடிபடவில்லை, சிரிப்பதே இல்லை என்று நிறையப் பேர். கரும்பலகைக்குப் பாடம் நன்றாகப் புரிந்திருக்கும், எங்களுக்குத்தான் புரியவில்லை என்று ஒருத்தன். இதற்கு ஜெபராணி சிரித்துவிட்டாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, “அக்கா, நான் முப்பது வருசம் பாடம் எடுத்தேன், என்னைப் பத்திப் பிள்ளைகள் கக்கூஸ் சுவத்துலதான் எழுதுச்சு, அங்கன காகிதம் குடுத்து எழுதச் சொல்லுதாங்க, அம்புட்டுதான் வித்தியாசம்” என்றாள். ஒரு பெண் மட்டும் நல்லபடியாக எழுதியிருக்கிறாள். வகுப்பில் ஒன்றும் விளங்கவில்லையாம், உன் அறைக்கு வந்து கேட்டாளாம், நீ பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பில் சர்க்கரை எரிகிற அந்தச் சக்கரத்தை அவளுக்குப் புரிகிறவரை நாலு தடவை வரைந்து காட்டினாயாம், வகுப்பில் பார்த்த ஆள் இல்லை, அது வேறே ஆள் என்று எழுதியிருக்கிறாள். பிறகு ஜெபராணி தலைவர் கடிதத்தைப் படித்தாள். இந்தக் கருத்துகளையும் வைத்துத்தான் வருகிற மார்ச்சில் உன் வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று முடிவு செய்வார்களாம். நீ ஃபோனில், நிரந்தரமாகிவிடும் அம்மா, ஒரு கையெழுத்துதான் பாக்கி என்றாய். நான் ‘ம்’ என்றேன்.

அந்த ‘ம்’ பற்றித்தான் எழுத வேண்டும். நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் நீ சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டு வந்தது. நான் அடுக்களையில் சுவரைப் பார்த்து மாவாட்டிக்கொண்டிருப்பேன், நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து ஒப்பிப்பாய். ஒரு நாளாவது நான் திரும்பியிருக்கிறேனா. ‘ம்’ போடுவேன், நீ அடுத்த வரிக்குப் போவாய். உண்மையைச் சொல்கிறேன், பாதி எனக்குப் புரியவே இல்லை. புரியவில்லை என்றால் நீ புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாய், அப்பா வரும்வரை வீட்டில் பேச வேறு ஆள் எனக்கு இல்லை, அதற்காகவே போட்டேன். ‘ம்’ வந்தால் எதிராளிக்குப் புரிந்துவிட்டது என்று பழக்கினது நான், முதுகைக் காட்டிப் பேசப் பழக்கினதும் நான். அந்தப் பிள்ளைகளைக் கோபித்துக்கொள்ளாதே. அவர்கள் ‘ம்’ போடாமல் உள்ளதை எழுதியிருக்கிறார்கள். ஒரு வரி சொன்னதும் திரும்பி, முன்னால் இருக்கிற ஒரு முகத்தையாவது பார். புரியாத முகம் பார்த்தவுடனே தெரியும், உன் அறைக்கு வந்த பெண்ணின் முகம் உனக்குத் தெரிந்த மாதிரி. மார்ச்சில் அவர்கள் என்ன முடிவு செய்தாலும் அம்பாள் இருக்கிறாள், உன் அறையும் இங்கே பெருக்கித்தான் கிடக்கிறது. ஆனால் பயந்துகொண்டு வராதே, வர வேண்டும் என்று தோன்றினால் வா.

வெறும் தாளை நான் பூர்த்தி செய்து இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் முதலில் படித்தவள் நான்தானே. இங்கிலீஷில் தப்பு இருந்தால் திருத்திக்கொள். பாடம் புரிந்ததா என்ற இடத்தில் பாதி என்று எழுதினேன். ஆசிரியர் மாணவரைக் கவனித்தாரா என்று கேட்டிருந்தது, மாணவிதான் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதினேன். இவரிடம் மறுபடியும் படிப்பீர்களா என்று கடைசியில் இருந்த கட்டத்தில், ஆமாம் என்பதற்கு நேரே கோடு போட்டிருக்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் நெல்லையப்பரும் காந்திமதியும் கூட இருந்து பார்த்துக்கொள்ளட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். தீபாவளிக்கு ஃபோன் பண்ணும்போது எல்லாவற்றையும் பைய, முதலில் இருந்து சொல். புரியாத இடத்தில் இனி நான் ‘ம்’ போட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. பார்வதியம்மாள்