பழரசக் கம்பனியின் கணக்கு

இன்று காலை பியோன் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உம்முடைய பெயருக்கு வந்தது. கொழும்புக் கம்பனி ஒன்றின் ஆண்டறிக்கை. நீர் கண்ணை மூடிப் பத்து மாதமாகிவிட்டது என்று அவர்களுக்கு ஆர் சொல்வது? பிரித்ததும் வழுவழுத்த தாளின் மை மணம் வந்தது. ஆண்டறிக்கை தபாலில் வரவேண்டும் என்பதற்காகவே நாலைந்து கம்பனிகளில் பங்கு வாங்கி வைத்த கணக்கீட்டு ஆசிரியை இந்தக் குடாநாட்டில் நீர் ஒருத்திதான் இருந்திருப்பீர்.

ஒரே பாடசாலையில், பக்கத்துப் பக்கத்து வகுப்பறைகளில், பதினேழு வருடம் படிப்பித்தோம். நான் பாடப்புத்தகத்தில் வரும் 'கமலன் வியாபாரம்' என்ற கணக்கையே வருடா வருடம் கரும்பலகையில் எழுதினேன். "கமலன் எண்டு ஒருத்தன் இல்லையப்பா. இல்லாதவனுக்கு இலாபம் வந்தால் என்ன, நட்டம் வந்தால் என்ன? பிள்ளையளுக்கு எப்படி அக்கறை வரும்?" என்று சிரிப்பீர். உம்முடைய பிள்ளைகள் பிஸ்கற் கம்பனியின் சொத்தும் கடனும் காட்டுகிற ஐந்தொகையைப் பார்த்துச் சண்டை பிடிக்கிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒருநாளும் அதை உமக்குச் சொன்னதில்லை.

கொழும்புக் கம்பனிகள் போதாதென்று ஒரு வருடம் எங்கள் பக்கத்துப் பழரசக் கம்பனி ஒன்றின் கணக்கையும் வாங்கி வந்தீர். அதன் முகாமையாளர் எங்கள் பாடசாலையின் பழைய மாணவர். பரிசளிப்பு விழாவுக்கு ஆண்டுதோறும் உதவுகிறவர். சந்தோசமாகத்தான் தந்தார்.

வகுப்பில் அதன் செலவுகளை வாசித்துக்கொண்டு வந்தபோது 'ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பு' என்ற வரியில் தர்சினி கையை உயர்த்தினாள். நீர்வேலிப் பிள்ளை. அவளுடைய தாய் அந்தக் கம்பனியில் ஆறு வருடமாகப் பழம் வெட்டுகிறவர்.

"ரீச்சர், இது ஆருக்குக் கட்டுறது?"

"வேலை செய்யிற எல்லாருக்கும். வயசுபோன காலத்துக்கெண்டு முதலாளி மாதாமாதம் போடுற காசு. நாட்கூலி எண்டாலும் கட்டத்தான் வேணும்."

"அம்மாவுக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே."

வீட்டுக்குப் போய்த் தாயிடம் கேட்டிருக்கிறாள். தாய் மறுநாள் முகாமையாளரிடம் கேட்டிருக்கிறார். அடுத்த நாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதிபர் உம்மைக் கூப்பிட்டு ஏசினார். அந்த வருடப் பரிசளிப்புக்குக் காசு வராது என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் உம்மைக் குறை சொன்னார்கள். அப்போது நானும் வாயைத் திறந்தேன். "கமலனோடை நிண்டிருக்கலாம். ஒரு குடும்பத்தின்ரை சோத்திலை மண் விழுந்திருக்காது," என்றேன். நீர் என்னைப் பார்த்தீர். மணி அடிக்க, சோக்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டீர்.

அதன்பிறகு நீர் செய்ததெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. தர்சினியின் தாயைத் தொழிற் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர். ஒருநாள் உத்தியோகத்தர் இல்லை, ஒருநாள் படிவம் இல்லை, ஒருநாள் கம்பனிக்காரர் வரவில்லை. எட்டு மாதம் அலைந்தீர். கடைசியில் அங்கே பழம் வெட்டுகிற பெண்கள் பதினான்கு பேருக்கும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நிதி கட்டும்படி உத்தரவானது. தர்சினியின் தாய்க்கு மட்டும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவர் வாழைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். அதை நீர் வெற்றி என்று ஒருநாளும் சொல்லவில்லை. அந்தக் கிழமையே கணக்குக் கேட்டு இன்னொரு கம்பனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கடைசியாக உம்மைப் பார்க்க வந்தபோது மன்னிப்புக் கேட்க நினைத்துத்தான் வந்தேன். நீர் மூன்றாம் தவணை வினாத்தாளைப் பற்றிக் கதைத்தீர். நானும் அதைப் பற்றியே கதைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

செத்த வீட்டில் தர்சினியின் தாய் எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் கேட்காமலே சொன்னார். "அந்த வேலை போனது நல்லதெண்டு நான் சொல்லமாட்டன் ரீச்சர். கஷ்டப்பட்டனாங்கள். ஆனா கந்தோர் மர வாங்கிலை இவ என்னோடை எத்தினை நாள் இருந்தவ. பசிக்குதெண்டு ஒருநாள் சொல்லேல்லை."

இப்போது உம்முடைய வகுப்பும் என்னுடையதோடு சேர்ந்துவிட்டது. அறுபத்திரண்டு பிள்ளைகள். தொண்டை கட்டிப்போகிறது. கம்பனிக் கணக்கை எடுத்தால், "ரீச்சர், இது சோதினைக்கு வருமோ?" என்கிறார்கள். வராது என்றால் பாதிப் பேர் பேனையை மூடிவிடுகிறார்கள். உமக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? சுவருக்கு இந்தப் பக்கம் சிரிப்பும் சண்டையும்தான் கேட்டது. களைப்புக் கேட்கவில்லை.

போன கிழமை குருநகரில் ஒரு ஐஸ் தொழிற்சாலைக்குப் போனேன். முதலாளி கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, வந்த விசயத்தைக் கேட்டார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கணக்கின் பிரதி ஒன்று வேண்டும் என்றேன்.

"தரலாம். பிள்ளையள் கண்டபடி கேள்வி கேட்பினமோ?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே தந்திருப்பார். எனக்கும் அலைச்சல் மிச்சம். அந்தச் சொல் வாய்வரை வந்தது.

"ஓம், கேட்பினம்," என்றேன்.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கிறது. நாளைக்குப் பள்ளி விட்டதும் திரும்பப் போவேன்.