நிவேதா பேசிப் பழகினாள்

ஜூன் 7, சனி

காலையிலிருந்தே புழுக்கம். நாளை மதியம் இரண்டு குடும்பம் சாப்பிட வருகிறது. என் வீட்டுக்காரரோடு கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்கள். வாங்க வேண்டியது: கோழி, தயிர், பேப்பர் தட்டு, ஐஸ்க்ரீம்.

பாத்ரூமில் நிவேதா பேசுகிற சத்தம். போன் என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்குத் தானாகவே வந்து சொன்னாள்.

"பெரியவங்க வந்தா இன்னா பேசுறதுனே தெரிலம்மா. மார்க் கேப்பாங்க, சொல்லிட்டா அதோட முடிஞ்சிரும். அதான் கண்ணாடி பாத்துப் பேசிப் பழகுறேன். யார்கிட்டயும் சொல்லாத."

பிளஸ் ஒன் வந்துவிட்டாள். போன தடவை ரூமை விட்டே வரவில்லை என்று திட்டினேன். இந்த முறை எங்களோடு உட்கார வைக்க வேண்டும். வருகிறவர்களின் சின்னப் பிள்ளைகளை மேய்க்க விடக் கூடாது.

ஜூன் 8, ஞாயிறு

எல்லாரும் போயாயிற்று. பாத்திரம் அப்படியே.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். வந்தவர்களில் குமார் அண்ணன் மனைவி சாந்தியிடம், "ஆன்ட்டி, தையல் கத்துக்கினு இருந்தீங்களே, இப்ப யாருக்காச்சும் தச்சுக் குடுக்குறீங்களா?" என்று கேட்டாள். பழகி வைத்திருந்த கேள்வி. சாந்தி முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பொண்ணு எவ்ளோ நல்லா பேசுது. போன தபா மூஞ்சியக் கூடக் காட்டல."

அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமையோ, நாலு பேரைச் சிரிக்க வைக்கும் ஆசையோ.

"உங்ககூட பேசத்தான் நேத்து ஃபுல்லா பாத்ரூம் கண்ணாடில ரிகர்சல்" என்றேன்.

சிரித்தார்கள். நானும். குமார் அண்ணன், "அப்டியா? எனக்கு இன்னா கேள்வி வெச்சிகீற? கேளு பாப்பம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் வீட்டுக்காரரும், "அங்கிள் கேக்குறாரில்ல, பேசிக் காட்டு" என்றார்.

நிவேதா சிரித்த மாதிரி இருந்தாள். பிறகு தண்ணீர் ஜக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜக் நிறையத்தான் இருந்தது.

ஐஸ்க்ரீமுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. "விடுக்கா, இந்த வயசுப் பசங்களே இப்டித்தான்" என்றாள் சாந்தி. ஆமாம் போட்டேன். அது இன்னொரு தப்பு.

ஜூன் 11, புதன்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றிவிட்டது. மாவு புளித்துப்போச்சு.

நிவேதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பு பண்ணிட்டேன்டி."

"பரவால்லம்மா."

"கோவமா?"

"இல்ல. சொல்லாதனு சொன்னேன், சொல்லிட்ட. அவ்ளோதான்."

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். குரலில் ஒன்றுமே இல்லை.

இவரிடம் சொன்னால், "சின்ன விஷயத்தப் பெருசாக்காத." ஷிஃப்ட் மாறியதில் அவருக்குத் தூக்கம் போதவில்லை.

ஸ்கூல் விட்டு வந்ததும் அடுப்படியில் பின்னாலேயே சுற்றுவாள். டீச்சர் சொன்னது, பஸ்ஸில் நடந்தது, எல்லாம் ஒப்பிப்பாள். இந்த வாரம் நேராக ரூமுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

கோவளம். நல்ல காற்று. அதே குடும்பங்கள், சாந்தியின் ஏற்பாடு. நிவேதா வரமாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

அவளைக் கிண்டல் செய்ய வேண்டாம் என்று சாந்தியிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவசியமே இல்லை. கேட்டதற்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னாள். சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நின்றாள். குமார் அண்ணனுக்கு மீன் வறுவல் கடை காட்டினாள். "தங்கமான பொண்ணு" என்றார்கள். இதற்குத்தானே இத்தனை நாள் ஆசைப்பட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்டி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. கூட்டம் கம்மி."

அதற்கு மேல் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள், கேளம்பாக்கம் தாண்டியதும் திரும்பினாள்.

"நீங்க சரியா சாப்ட்டீங்களா?"

பிறந்ததிலிருந்து என்னிடம் நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.