சந்துருவின் கம்ப்யூட்டருக்கு ஒரு போர்டு

ஆடி 2, சனி

மூடுபனி. கொடியில் போட்ட துணி இன்னும் ஈரம்.

சந்துருவின் கம்ப்யூட்டர் ஓடவில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே விசிறி ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. அவன், என் மகன், மாசியில் மலை வளைவில் வண்டியோடு விழுந்து போனதிலிருந்து அதை யாரும் தொடவில்லை. துண்டு போட்டு மூடியதோடு சரி. இப்போது மகள் கவிதாவுக்கு வேண்டும். சேலத்தில் ஆடிட்டர் ஆபீஸ் வேலை. வீட்டிலிருந்தே பில் ஏற்றலாமாம், அடுத்த வாரம் தொடங்கச் சொல்கிறார்கள். இது ஓடாவிட்டால் கவிதா மலை இறங்கி ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். வீட்டில் நான் மட்டும்.

"தினேசண்ணன்கிட்டக் குடுக்கலாம்மா" என்றாள்.

எழுந்து போய்விட்டேன். அன்றைக்குச் சந்துரு வண்டி எடுத்ததே அந்தத் தினேஷின் ரிப்பேர்க் கடைக்கு ஏதோ சாமான் கொண்டுவரத்தான். கூட்டாளிக்கு ஒத்தாசை. இவன் கடை தினமும் திறக்கிறது.

ஆடி 3, ஞாயிறு

குழாயில் தண்ணீர் இல்லை. கத்தரிக்காய் சொத்தை.

பக்கத்து வீட்டு சரோஜா சொன்னது: "அக்கா, ரிப்பேருக்குக் குடுத்தா உள்ள இருக்கற நல்லத உருவிப்போட்டு வெறும் ஓட்டத்தான் குடுப்பானுக. எங்கூட்டு மிக்சி அப்புடித்தான் போச்சு." அந்த மிக்சியை அவள் புருஷன் போட்டு உடைத்தது தெருவுக்கே தெரியும். ஆனாலும் பேச்சு மனசில் ஏறிக்கொண்டது.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும்போது என் மூட்டையில் குறி போடுவேன். ரெண்டு கோடு, ஒரு சுழி. போடாவிட்டால் கணக்கெழுதும் ரைட்டர் அதை இன்னொருத்தி பேரில் எழுதிவிடுவார். கவிதாவைப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உள்ளே செருகியிருந்த ரெண்டு பச்சைப் பட்டையிலும் மார்க்கரால் அதே குறி போட்டேன். மெமரியாம் அது.

"என்னம்மா பண்றே?"

"நீ உன் சோலியப் பாரு."

ஆடி 4, திங்கள்

பெட்டியை அரிசிச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ். அந்த வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். கவிதா கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய கடை. வாசலில் ஆடித் தள்ளுபடி என்று தட்டி. ஆடியில் தள்ளுவதெல்லாம் சித்திரையில் விலை போகாத சரக்கு. கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, எல்லாவற்றையும் மாட்டுகிற போர்டுதான் போய்விட்டது என்றார்.

"செட்டா எடுத்துக்குங்கம்மா. போர்டு, பிராசசர், மெமரி, மூணும் புதுசு. மூணு வருசம் வாரண்டி."

"போர்டு மட்டும் குடுங்க."

"இப்ப வர்ற போர்டுல உங்க பழைய பிராசசர் உக்காராதுங்க. பழச எங்ககிட்டயே போட்டுருங்க, வெலையில கழிச்சுக்கறோம்."

"போட்டா என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சு வித்துருவோம்."

பிரித்து. ரிசார்ட்டில் ரூம் கழுவிய சம்பளத்தில் மாசம் ஒன்றாக வாங்கி மாட்டினான் சந்துரு. சாக்கைத் திரும்பக் கட்டிவிட்டேன். பஸ்சில் கவிதா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்தாள். ஊர் வந்ததும், "அப்ப அந்தண்ணன்தான்" என்றாள்.

ஆடி 5, செவ்வாய்

தினேஷ் கடை. என்னைப் பார்த்ததும் ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை. குற்றமுள்ளவன்தான் பார்க்க மாட்டான்.

"ஈரத்துல போர்டு போயிருச்சுங்கம்மா. இங்க பாருங்க, உருளையா நிக்குதே, எல்லாம் உப்பிக்கிச்சு."

"மத்தது?"

"ஒண்ணொண்ணா என் போர்டுல போட்டுப் பாக்கோணுமுங்க. ரெண்டு நாள் இங்கியே இருக்கட்டும்."

எதற்கு ரெண்டு நாள்? அலமாரியில் சந்துருவினுடையது மாதிரியே ஒரு பெட்டி. யாருடையது? கையில் புது போன். டீ வாங்கி வரட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

ஆடி 6, புதன்

மழை. தலைவலி. அந்தப் பெட்டி யாருடையது?

ஆடி 7, வியாழன்

போனோம். மேசைமேல் மெமரி ரெண்டும் பளபளவென்று. குறி இல்லை.

கடையில் இன்னும் நாலு பேர். நல்லது, நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் போனை நீட்டினான்.

"அம்மா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

போனில் என் ரெண்டு கோடும் சுழியும்.

"சந்துரு போட்டு வெச்சிருக்கான். முன்னாடி நான் பாத்ததே இல்லீங்க. பாசி புடிச்சிருந்துச்சு, ஸ்பிரிட் போட்டுத் தொடைக்காம முடியாது. அவன் எழுதினத அழிக்க மனசே வல்லீங்கம்மா. அதான் போட்டோ எடுத்துட்டுத் தொடச்சேன்."

கவிதா என்னைப் பார்த்தாள். என் குறி என்றால் எதற்குப் போட்டேன் என்றும் சொல்ல வேண்டும்.

"தெரியாது கண்ணு" என்றேன்.

அவன் போனை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டான். மெமரி, பிராசசர், ரெண்டும் நல்லாயிருக்காம்.

ஆடி 8, வெள்ளி

கோயிலில் கூழ். போகவில்லை. பனி இன்றைக்கு அதிகம், எதிர்வீடு தெரியவில்லை.

காலையில் தினேஷ் வீட்டுக்கே வந்தான். சந்துருவின் காரியத்துக்கு வந்தவன், அதற்கப்புறம் இன்றைக்குத்தான். சந்துருவின் பிராசசர் உட்காருகிற போர்டு ரெண்டுதானாம். ஒன்று பெரிய கம்பெனியுடையது, நாலு மெமரி போடலாம், ஆனால் யாரோ பயன்படுத்தியது, வாரண்டி இல்லை. இன்னொன்று புதுசு, பேர் தெரியாத கம்பெனி, ரெண்டு மெமரிதான், ஒரு வருசம் வாரண்டி.

"எதுல உனக்கு லாபம்?" கேட்டே விட்டேன்.

சிரித்தான். "பழசுலதானுங்க. ஆனா புதுச எடுங்க. பில்லு ஏத்தறதுக்கு அது போதும். சூடாகற எடத்துல தகடு இல்ல, அதனால கேமு மட்டும் ஆட வேண்டாம்னு கவிதாகிட்டச் சொல்லுங்க."

"நான் எங்க ஆடறேன்? நீங்க ரெண்டு பேருந்தான் ராத்திரியெல்லாம் ஆடினீங்க" என்றாள் அவள்.

"சரி, புதுசே இருக்கட்டும்" என்றேன்.

சேலத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதாம். யாராவது எடுப்பதற்குள் போக வேண்டும் என்று உடனே கிளம்பினான். வண்டியை உதைத்தான். லைட் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. சாமான் எடுத்துவர மலை இறங்குகிறான். அனுப்புகிறவள் நான்.

ஓடிப்போய்ச் சாவியைப் பிடுங்கினேன்.

"பஸ்ல போ சாமி."

"பஸ்ல போனா நொம்ப நேரம் ஆகுமுங்கம்மா. போர்டு போயிரும்."

"போனாப் போகட்டும். உங்கம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு நடந்து போனான்.

மூன்று மணி பஸ் வந்து போயிற்று. அதில் அவன் இல்லை. போன் போகவில்லை. மலையில் சிக்னல் இருக்காதும்மா என்கிறாள் கவிதா. தெரியும். அடுத்த பஸ் ஐந்துக்கு. மழை பிடித்துக்கொண்டது, அவன் குடை கொண்டுபோகவில்லை. ரெண்டு குடையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன்.