மாதவன் வேலை செய்யும் பப்

தங்கச்சி பெற்ற தங்கத்துக்கு,

உன்னைப் பெண் கேட்கும் மாதவன் வேலை செய்யும் பப்பின் மாடியில், யாரென்று சொல்லாமல் ரூம் எடுத்துத் தங்கினேன். ஓசூர் பார்டரில் அசல் இங்கிலீஷ் கிராமத்துப் பப் மாதிரியே இருக்கிறது. இருநூறு வருஷப் பழசு என்று வாசலில் போர்டு. லண்டனில் இப்படி நூறு பார்த்தவன் நான், நம்புவேனா? உத்திரத்தைத் தட்டினேன், மரமில்லை, பெயின்ட் அடித்த சிமெண்ட். கடையே பொய்யென்றால் மாப்பிள்ளை எப்படியோ என்று, சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

மாதவனே சாப்பாடு கொண்டுவந்தான். "எத்தனை வருஷக் கட்டிடம் தம்பி?" என்றேன்.

"போன வருஷம் கட்டினதுங்க. முதலாளி வேற மாதிரி சொல்லச் சொல்றாரு, எனக்கு வாய் வரமாட்டேங்குது."

இந்த வாய்க்கு அங்கே வேலை நிலைக்காது. வேறு வேலை நான் வாங்கித் தருகிறேன், சிப்காட் தொழிற்பேட்டையில் பாதி முதலாளிகள் என் சிநேகிதர்கள். நீ சரியென்று சொல்லிவிடு.

உன் தாய்மாமன்