ஓட்டுநர் இல்லாத பந்தயக் கார்

அன்புள்ள அன்னபூரணிக்கு,

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. நம் மகன் பாதியில் விட்ட பொம்மைப் பந்தயக் காரை முடித்துவிட்டேன்.
2. ஓட்டுநரை எடுத்துவிட்டேன்.
3. வீட்டில் இனி பயமில்லை. நீ போலகத்திலிருந்து வரலாம்.

சக்கரங்களை அவன் சொன்னபடியே அகலமாக்கினேன். "ஹெல்மெட்டோட நம்ம புள்ள மாதிரியே பாக்குதுங்க, அத எடுத்தாத்தான் வருவேன்" என்று நீ சொல்லிப் போனாயே, அந்த ஓட்டுநரைப் பசை விடவில்லை. சின்ன ரம்பத்தால் இடுப்போடு அறுத்தேன். சரியாகத்தான் செய்தேனா, தெரியவில்லை.

அந்தக் காலி இருக்கை, கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் என்னைப் பார்க்கிறது. பைக்கில் போய்த் திரும்பி வராதவனுக்காக அன்று நீ எடுத்துவைத்த தட்டு காலியாகவே கிடந்ததே, அப்படி. துண்டு போட்டு மூடியும் பயனில்லை.

இவ்வளவு எழுதியபின் எழுந்துபோய், ஓட்டுநரை மறுபடி ஒட்டிவிட்டு வந்தேன், நீ வரமாட்டாய் என்று தெரிந்தே. மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் வீட்டுக்காரன்